இரண்டாம் நம்பர் சென்ஸார் சொன்ன பொய்

இந்த மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்து அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஆலை முதலாளி, சாயத்தொட்டியருகே ஒரு தொழிலாளியாய் நின்று தொடங்கி இன்று முந்நூறு குடும்பங்களுக்கு முகவரியாய் நிற்கும் பெரியவர் கன்னையன் ஐயா அவர்களே.

சற்று முன்னர் தையலில் காய்த்த கையால் நாடாவை வெட்டி, தளராத குரலில் "நல்லா இருங்க" என்று எங்களை எல்லாம் வாழ்த்திய இன்றைய விழா நாயகி நதியாவைப் பெற்ற அன்னை மரியபுஷ்பம் அவர்களே. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, வாசற்பலகையில் இருக்கும் மகளின் பெயரை இதுவரை பதினோரு முறை படித்துவிட்ட அண்ணன் சகாயராஜ் அவர்களே. எண்ணிக்கொண்டுதானுங்க இருக்கேன், மறைக்காதீங்க.

பெருமாநல்லூர் வட்டாரத்தின் சாய ஆலைச் சகோதரர்களே, பவர்டேபிளில் பொழுதெல்லாம் தைத்துவிட்டுப் புத்தாடை உடுத்திப் புன்னகையோடு வந்திருக்கும் தாய்மார்களே, செக்கிங் மேசையில் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் குறை கண்டுபிடிக்கும் தங்கையரே, தெற்குச் சீமையிலிருந்து வந்து இந்த ஊரின் தோளாகவே ஆகிப்போன தோழர்களே, நான் பேசுவது பாதி புரியாவிட்டாலும் முதல் வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் வடநாட்டுத் தம்பிகளே, உங்கள் எல்லோர் முன்னிலும் அழகுமலை என்னும் இந்த எளியவன் இரு கை கூப்பி, இதயம் கூப்பி நிற்கிறேன்.

என்னுங்க? பின் வரிசையில என்ன சொல்றீங்க? சுருக்கமா முடிக்கோணுமா? ஆகட்டுங்க. எப்படியும் மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். மைக் செத்தால் அழகுமலையும் அடங்கிவிடுவான் என்று என் வீட்டிலேயே பேச்சு உண்டு.

வருகிற வழியில் பெரியம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். "ஏங்கண்ணு, சாமியானா எல்லாம் போட்டிருக்குது, உள்ள என்ன கடை தெறக்கறாங்க?" என்று கேட்டார். "எந்திரத்தோட ஆட்டத்தை அளக்கற கருவி இருக்குதுங்க சாமி. அது ஒழுங்கா அளக்குதான்னு பாக்கற எடமுங்க இது" என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அளக்கறதையே அளக்கறதா? அதுக்குன்னு ஒரு பொழப்பா?" என்றார்.

அன்புடையவர்களே, அந்தக் கேள்விக்கு நான் அகராதியைப் புரட்டி விடை சொல்லப் போவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணி மாதத்தில், எங்கள் ஆலையில் என் கண்முன்னே நடந்ததைச் சொல்லப் போகிறேன். அந்தக் கதையில் நல்லவர்கள் மூன்று பேர். நதியா ஒருத்தி. பாண்டித்துரை ஒருவர். வாசிம் ஒருவன். தவறு செய்தவன் ஒரே ஒருவன். அவன்தான் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஹைட்ரோ என்றால் என்ன என்று இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூர் விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை. சாயத்திலிருந்து எடுத்த ஈரத்துணியை ஓர் எஃகுக் கூடைக்குள் போட்டு, நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்றுச் சுழற்றி, நீரை நீக்கும் எந்திரம் அது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஈரத்துணியும் கூடையும் சேர்ந்து அந்த வேகத்தில் சுழலும்போது, அது அமைதியாகச் சுழன்றால் எந்திரம். ஆட்டம் கண்டு ஆவேசப்பட்டால் எமன். அதனால்தான் ஒவ்வொரு ஹைட்ரோவின் உடம்பிலும் கட்டைவிரல் பருமனில் ஒரு சிறு கருவியைத் திருகி வைத்திருக்கிறோம். எந்திரம் எவ்வளவு அதிர்கிறது என்பதை மின்துடிப்பாக்கிப் பேனலுக்குச் சொல்லும் சென்ஸார் அது. எங்கள் ஆலையில் வரம்பு பத்து. பேனலில் பத்தைத் தாண்டினால் எந்திரம் தானாக நின்றுவிடும். ட்ரிப் ஆகிவிட்டது என்போம்.

அந்த ஆவணியில் மூன்றாம் நம்பர் ஹைட்ரோ ட்ரிப் ஆனது. ஒரு ஷிப்டுக்கு ஒரு முறையா? இருமுறையா? ஏழு முறை, எட்டு முறை. துணி தேங்கியது. ட்ரையர் காத்திருந்தது. துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் காத்திருந்தது. கப்பலேற வேண்டிய சரக்கு காத்திருந்தது. எல்லாம் காத்திருக்க, காத்திருக்கத் தெரியாதவன் ஒருவன் இருந்தான். உற்பத்தி மேலாளர் அழகுமலை.

ஆனால் பக்கத்திலேயே இரண்டாம் நம்பர் நின்றது. அதே கம்பெனி, அதே வயது, அதே தரை. அது ஒருநாளும் ட்ரிப் ஆனதில்லை. பேனலில் நான்கு காட்டும், ஐந்து காட்டும், அதற்குமேல் போகாது. அதை ஓட்டியவன் வாசிம். வாசிமின் தோளைத் தட்டி நான் எத்தனை முறை பாராட்டியிருப்பேன். "பாருங்கப்பா, இவன்தான் ஆபரேட்டரு" என்று எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்.

மூன்றாம் நம்பரை ஓட்டியவர் பாண்டித்துரை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஆறு ஆண்டுகள் ஹைட்ரோவிலேயே நின்றவர். துணியைக் கூடைக்குள் சமமாக அடுக்காவிட்டால் ஆட்டம் வரும் என்பது உண்மைதான். அந்த ஒற்றை உண்மையை வைத்துக்கொண்டு, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், இருபது பேர் நடுவில், நான் அவரைக் கேட்டேன். "ஆறு வருஷமா என்ன கத்துக்கிட்டீங்க பாண்டித்துரை? துணிய அடுக்கத் தெரியாதா? பக்கத்துல ஒருத்தன் ஓட்டறான், பாக்கறீங்கல்ல?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, நான் சமமாத்தான் அடுக்குறேன். நீங்க ஒருக்கா வந்து மெசின்மேல கைய வச்சுப் பாருங்க. ரெண்டு மெசின்லயும் வச்சுப் பாருங்க" என்றார்.

நான் போனேனா? நாலே எட்டு தூரம், அன்பர்களே. நாலே எட்டு. நான் போகவில்லை. "கைய வச்சுப் பாக்கறதுக்கா கம்பெனி சென்ஸார் போட்டு வெச்சிருக்குது?" என்று திருப்பிக் கேட்டேன். அவரை ஹைட்ரோவிலிருந்து மாற்றித் துணிவண்டி தள்ளும் வேலைக்குப் போட்டேன். அவர் மூன்று நாள் தள்ளினார். நான்காம் நாள் வரவில்லை. வெள்ளகோவிலில் ஒரு நூல் மில்லுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சரி, அவர் போனார். ட்ரிப் போனதா? புதிய ஆபரேட்டர் வந்தார், ட்ரிப் ஆனது. நானே கைலியை மடித்துக் கட்டி நின்று, மல்லிகைப்பூவை அடுக்குகிற மாதிரி மெல்ல மெல்லத் துணியை அடுக்கினேன். ட்ரிப் ஆனது. சென்ஸார் விற்றவர்களை வரவழைத்தேன். அவர்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சோதனைக் கருவி கொண்டுவந்தார்கள். வினாடிக்கு நூற்றறுபது முறை அதிரும் கருவி. அதில் இரண்டாம் நம்பர் சென்ஸாரை வைத்தார்கள், சரியாகக் காட்டியது. மூன்றாம் நம்பரை வைத்தார்கள், அதுவும் சரியாகக் காட்டியது. இரண்டுக்கும் சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அந்தச் சான்றிதழில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அதை நம்பி இருந்தால் இன்று நாம் வேறொரு காரணத்துக்காகக் கூடியிருப்போம்.

இங்கேதான் நதியா வருகிறாள்.

நதியா அப்போது எங்கள் மெயின்டெனன்ஸில் சேர்ந்து எட்டு மாதம். பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்தவள். அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். பேசுவது குறைவு. பெரும்பாலும் பையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பேனா, கையில் ஒரு மல்டிமீட்டர். "ஆப்பரேட்டர் அண்ணனுங்களுக்கு நடுவுல இந்தப் புள்ள என்ன பண்ணப் போகுது" என்று நான்தான் முதலில் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் வந்து கேட்டாள். "சார், மூணாம் நம்பர் சென்ஸாரக் கழட்டி ரெண்டுல மாட்டி, ரெண்டாம் நம்பரத மூணுல மாட்டிப் பாக்கலாங்களா?"

மாட்டினோம். என்ன ஆனது தெரியுமா? அதுவரை ஒரு நாளும் நிற்காத இரண்டாம் நம்பர் எந்திரம் ட்ரிப் ஆனது. அதுவரை ஒரு நாளும் நிம்மதியாய் ஓடாத மூன்றாம் நம்பர் எந்திரம் ஐந்தைக் காட்டிக்கொண்டு அமைதியாய் ஓடியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துள்ளிக் குதித்தேன். "கண்டுபுடிச்சாச்சு கண்ணு. ட்ரிப்பு அந்தச் சென்ஸார் பின்னாலயே போகுது. அதுதான் கோளாறு. தூக்கிக் குப்பையில போடு. வேற வர்ற வரைக்கும் மூணாம் நம்பர சென்ஸார் இல்லாமயே ஓட்டிக்கலாம்" என்றேன்.

இந்த அவையில் எத்தனையோ இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், உங்களில் எத்தனை பேர் நான் சொன்னதையே சொல்லியிருப்பீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். மனசுக்குள் தூக்கினால் போதும்.

நதியா அசையவில்லை. "ட்ரிப்பு சென்ஸார் கூடத்தானுங்க சார் போகுது" என்றாள். "ஆனா அதுல தெரியறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. ரெண்டு சென்ஸாரும் ஒத்துப்போகலைன்னு தெரியுது. எது பொய் சொல்லுதுன்னு தெரியலீங்க."

"நிக்கறதுதான் கோளாறு. அதுகூடவா தெரியல?"

"நிக்காதது கோளாறா இருந்தா சார்?"

அடடா. என்ன கேள்வி அது. குரலில் கோபம் இல்லை, குறும்பு இல்லை, கொஞ்சம்கூடக் குத்தல் இல்லை. தராசு பிடிக்கிறவள் கேட்கிற கேள்வி. அழுகிற பிள்ளையை அதட்டுகிறோம். அழாத பிள்ளையை அள்ளிக் கொஞ்சுகிறோம். அழாத பிள்ளைக்கு அழவே முடியாத நோய் வந்திருந்தால்? அதை நான் நினைக்கவில்லை. அவள் நினைத்தாள்.

"ஒருநாள் குடுங்க சார். ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் கொண்டுபோயி சரி பாத்துட்டு வந்தர்றேன். அங்க ஒரு காலேஜ் ஆய்வுக்கூடத்துல அதிர்வு மேடை இருக்குதுங்க. அதுவரைக்கும் ரெண்டு மெஷினையும் ஓட்ட வேண்டாமுங்க" என்றாள்.

"சரி, ஓட்டமாட்டேன்" என்றேன். வாக்குக் கொடுத்தேன். அவள் சொல்வது தவறு என்று நிரூபிக்கும் ஆசையில் கொடுத்த வாக்கு அது.

ஞாயிறு காலை இரண்டு சென்ஸாரையும் கழற்றி, பஞ்சில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் அவிநாசியைத் தாண்டியிருப்பாள். இங்கே ஆலையில் துணி மலையாய்க் குவிந்து கிடந்தது. மறுநாள் சரக்கு கிளம்ப வேண்டும். பதினோரு மணிக்கு என் மனம் என்னிடம் வந்து பேசியது. மூணாம் நம்பர் வேண்டாம், அது கோளாறு. ஆனா ரெண்டாம் நம்பருக்கு என்ன? அது தங்கமான மெஷின் ஆச்சே. ஒருநாளும் நின்னதில்லையே.

கன்னையன் ஐயா, அன்று உங்களிடம் கேட்காமல் நான் வாசிமைக் கூப்பிட்டேன். சென்ஸாரின் வயரைப் பேனலில் முடிச்சுப் போட்டு, சென்ஸார் இருப்பதுபோல் பேனலை ஏமாற்றி, இரண்டாம் நம்பரை ஓடவிட்டேன்.

இனி கோயம்புத்தூரில் நடந்தது. அவள் நோட்டில் நேரம் போட்டு எழுதிவைத்திருந்ததைப் பிறகு படித்துத்தான் நான் அறிந்துகொண்டேன். அந்த ஆய்வுக்கூடத்தில் அசையாத அடித்தளத்தின்மேல் ஒரு சிறு மேடை. நாம் சொல்கிற வேகத்தில், நாம் சொல்கிற அளவில் அது அதிரும். அதன்மேல் ஓர் ஒப்பீட்டுச் சென்ஸார். தேர்ந்த ஆய்வகத்தில் அளந்து உறுதிசெய்யப்பட்டு, அதன் சொல்லை நம்பலாம் என்று எழுத்தில் வந்த சென்ஸார். அதன் தலையில் நம் சென்ஸாரைத் திருக வேண்டும். அடிப்பரப்பைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தொட்டு, சொன்ன இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். ஏன்? தளர்வாக இருந்தால் அந்தத் தளர்வே பொய் பேசும். இப்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. இரண்டுக்கும் ஒரே ஆட்டம். நல்லது என்ன சொல்கிறது, நம்முடையது என்ன சொல்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியதுதான். இதுதான் கேலிபரேஷன். நான் தமிழில் அளவுத்திருத்தம் என்பேன்.

ஆய்வுக்கூட உதவியாளர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டும் போன வாரம்தானே பாஸ் ஆயிருக்குது? மறுபடி எதுக்கு?" என்று கேட்டாராம்.

"அவங்க வினாடிக்கு நூத்தறுபதுல பாத்தாங்க சார். எங்க மெஷின் நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுத்து. வினாடிக்குப் பதினஞ்சு. எங்க மெஷின் ஓடற வேகத்துல பாக்கோணுமுங்க" என்றாளாம்.

பதினைந்தில் வைத்தார்கள். மேடை மெல்ல அதிர்ந்தது. ஒப்பீட்டுச் சென்ஸார் பத்து என்றது. முதலில் மூன்றாம் நம்பர். நான் குப்பையில் போடச் சொன்னது. அது ஒன்பது புள்ளி ஒன்பது என்றது. அடுத்து இரண்டாம் நம்பர். நான் தங்கம் என்றது. ஒப்பீட்டுச் சென்ஸார் பத்து என்று சொல்லும்போது, இரண்டாம் நம்பர் நான்கு என்றது.

நான்கு.

மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டிப் பார்த்தாள். நான்கு, நான்கு, நான்கு. சாயச்சாலையின் ஆவியும் ஈரமும் வயர் செருகுமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருந்தன. அந்த ஈரத்தால் என்ன ஆகிறது? வேகமான அதிர்வை அது சரியாகச் சொல்லும். மெதுவான அதிர்வு வந்தால், சொல்ல வேண்டிய மின்துடிப்பு வழியிலேயே கசிந்து காணாமல் போகும். நூற்றறுபதில் நல்லவன். பதினைந்தில் பொய்யன். நம் எந்திரம் ஓடுவதோ பதினைந்தில்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் நம்பர் எந்திரம் உண்மையிலேயே ஆடியது, அதன் சென்ஸார் உண்மையைச் சொன்னது. இரண்டாம் நம்பர் எந்திரமும் ஆடியது, அதன் சென்ஸார் மறைத்தது. சென்ஸாரை மாற்றி மாட்டியபோது இரண்டாம் நம்பர் ட்ரிப் ஆனதே, அதுதான் அந்த எந்திரம் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன உண்மை.

ஒன்றரை மணிக்கு என் செல்போன் அடித்தது. "சார், ரெண்டாம் நம்பர் நின்னுதானுங்க இருக்குது?"

நான் போனைக் கையால் பொத்தினேன். ஆனால் என் பின்னால் அது ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"சார், ஓடுதுங்களா?"

"லோடு உள்ள இருக்குது கண்ணு. அஞ்சு நிமிஷம். முடிஞ்சதும் நிறுத்தச் சொல்றேன்."

"இப்பவே நிறுத்துங்க சார். அது பத்துக்கு நாலுன்னு காட்டியிருக்குது. அதுல நீங்க அஞ்சு பாத்திருக்கீங்க. அப்படீன்னா உள்ள பன்னண்டுக்கு மேல ஆடியிருக்குது, எத்தன மாசமோ தெரியாது. வாசிம் அண்ணன அங்கிருந்து தள்ளி வரச் சொல்லுங்க. மொதல்ல அதச் செய்ங்க."

அன்பர்களே, என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்குக் கட்டளை இட்டிருக்கிறார்கள். அத்தனை பணிவாக, அத்தனை உறுதியாக ஒரு கட்டளையை நான் கேட்டதில்லை. போனை விட்டேன். "வாசிம், தள்ளி வாடா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவன் மூடியின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனை இழுத்து அந்தப் பக்கம் தள்ளி, பவரை அணைத்தேன். கூடை உடனே நிற்காது, உங்களுக்குத் தெரியும். வேகம் குறைந்து குறைந்து, தரை தடதடத்து, மெல்ல மெல்ல நின்றது. ஐந்து நிமிடத்தில் முடிகிற லோடுக்காக நான் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியாது. தெரியாமலே போனதுதான் எங்கள் பாக்கியம்.

ஃபிட்டர்கள் கூடையைக் கழற்றினார்கள். பேரிங் தேய்ந்து கிடந்தது. அது போகட்டும். கூடையின் அடிப்பாகத்தில், வெல்டு வைத்த ஓரத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். நகத்தை விட்டுப் பார்த்தேன். நகம் உள்ளே போனது.

வாசிம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். அந்த விரிசலில் விரலை ஓட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அண்ணா, நான் தெனமும் இதுமேல சாஞ்சு நின்னுதான் டீ குடிப்பேன்."

அடுத்த மாதம் நிக்காஹ் என்று பத்திரிகை கொடுத்திருந்தவன் அவன். இக்ரா என்கிற அவன் மனைவி இன்று இந்த அவையில் இரண்டாம் வரிசையில் குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். எழுந்திருக்க வேண்டாம் தாயே, குழந்தை தூங்குது, பாத்தேன்.

கன்னையன் ஐயா அன்று மூன்று மணிக்கு ஓடி வந்தார். விரிசலைப் பார்த்தார். சரக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்பார் என்று நான் தலையைக் குனிந்து நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வாசிம் எங்க?" அவன் முன்னால் வந்தான். அவன் தலைமேல் கையை வைத்துவிட்டு, ஐயா அப்படியே துணிவண்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். முதலாளி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நம்பரையும் திறந்தோம். அடியில் ஆட்டத்தைத் தாங்கும் ரப்பர்கள் நான்கில் மூன்று நைந்து போயிருந்தன. துணி அடுக்கியதில் தவறில்லை. பாண்டித்துரை சமமாகத்தான் அடுக்கியிருந்தார்.

புதன்கிழமை நான் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். நூல் மில்லின் வாசலில் காத்திருந்தேன். உணவு இடைவேளையில் வெளியே வந்தார், தலையெல்லாம் பஞ்சு. "வாங்கண்ணே" என்றார். அந்த 'வாங்கண்ணே' என்னை வெட்டிப் போட்டது. டீக்கடைக்குக் கூட்டிப் போனார், அவரே டீ சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நதியா கண்டுபிடித்ததை, விரிசலை, ரப்பரை. கடைசியாக, "தப்பு எம்மேலதான் பாண்டித்துரை. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணே, இம்புட்டுத் தூரம் வந்து சொல்றீக, சந்தோசம். ஆனா என்னைய நீங்க இங்க வச்சுச் சொல்லலையே. அங்க இருபது பேரு கேக்கத்தானே சொன்னீக" என்றார்.

எவ்வளவு நியாயம். கூட்டத்தில் கெடுத்த பெயரைத் தனிமையில் திருப்பிக் கொடுக்க முடியுமா?

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர் வந்தார். ஆட்கள் கூடினார்கள். ஊரில் எந்த மேடை கிடைத்தாலும் ஏறிவிடுகிற இந்த அழகுமலைக்கு, அடுக்குமொழியில் ஆறு மணி நேரம் பேசுகிற இந்த அழகுமலைக்கு, அன்று நான்கு வரி பேச நாக்கு எழவில்லை. "பாண்டித்துரை துணிய ஒழுங்காத்தான் போட்டாரு. மெஷின்தான் ஆடுச்சு. வந்து தொட்டுப் பாருங்கன்னு சொன்னாரு. நான் போகல. தப்பு என்னுது." அவ்வளவுதான் பேசினேன். ஒரு மோனை இல்லை, ஓர் எதுகை இல்லை. என் வாழ்நாளில் நான் பேசிய பேச்சுகளில் உருப்படியான பேச்சு அதுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

பாண்டித்துரை என்ன சொன்னார் தெரியுமா? கண் கலங்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "சரிண்ணே. மூணாம் நம்பருக்கு ரப்பர் மாத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே நடந்தார். இன்றைக்கு எங்கள் ஆலையின் ஹைட்ரோ பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு. அதோ, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் பெயரைச் சொல்லாதே என்று சைகை காட்டுகிறாரே, அவர்தான்.

நதியாவுக்கு என்ன செய்தோம்? ஐயா கேட்டார், "என்ன வேணும் கண்ணு?" சம்பளம் கேட்பாள், பதவி கேட்பாள் என்று நினைத்தோம். "ஒரு ஒப்பீட்டு சென்ஸாரும், மெதுவா அதிரற மேடை ஒண்ணும் வேணுமுங்க" என்றாள். வந்தது. எங்கள் ஆலையின் எல்லாச் சென்ஸார்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சரிபார்த்தாள். எந்திரம் ஓடுகிற வேகத்திலேயே பார்த்தாள். வயர் செருகுமிடங்களுக்கு ஈரம் புகாத உறை போட்டாள். பக்கத்து ஆலைகள் கேள்விப்பட்டன. ஒருவர் வந்தார், இருவர் வந்தார், பிறகு வாரத்துக்கு இருபது பெட்டிகள் வந்தன. சென்ற தை மாதம் ஐயாவிடம் வந்து, "நான் தனியாப் பண்ணட்டுங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுததும் அவள்தான். "இதுக்கு எதுக்குப் புள்ள அழுகற, மேடையையும் நீயே எடுத்துட்டுப் போ" என்று ஐயா சொன்னார். இந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது அந்த அதிர்வு மேடைதான்.

இப்போது சொல்லுங்கள், இது ஒரு பிழைப்பா? அளக்கிற கருவி தவறினால், நாம் நல்லவரைத் தண்டிக்கிறோம். அளக்கிற கருவி தவறினால், நாம் ஆபத்தைப் பாராட்டுகிறோம். அளக்கிற கருவி தவறினால், ஒருவன் தன் சாவின்மேல் சாய்ந்து நின்று டீ குடிக்கிறான். அந்தத் தவறைத் தேடிப்போய்ப் பிடிப்பதைவிடப் பெரிய பிழைப்பு இந்த ஊரில் எது?

சாய ஆலைச் சகோதரர்களே, உங்களை மன்றாடிக் கேட்கிறேன். சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். சென்ஸாரை யாரிடம் சோதிக்கக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள். எந்த வேகத்தில் பார்த்தீர்கள்? எங்கள் எந்திரம் ஓடுகிற வேகத்திலா? ஆபரேட்டர் தோழர்களே, பேனல் ஒன்று சொல்லி உங்கள் கை வேறொன்று சொன்னால், கை சொல்வதை மேலாளரிடம் சொல்லுங்கள். மேலாளர்களே, என் இனமே, அவர்கள் வந்து சொன்னால் நாலே எட்டு நடந்து போங்கள். நாலே எட்டுதான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் இறங்கினால் நதியா என்னைச் சும்மா விடமாட்டாள்.

இந்தக் கூடத்தின் முதல் வாடிக்கையாளர் நான்தான். திறப்பு விழாவுக்கு முன்பே, இன்று காலை எட்டு மணிக்கு, எங்கள் ஆலையின் ஆறு சென்ஸார்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் சான்றிதழை மேடையில் ஐயா கையால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசை. படம் எடுக்க ஆளைக்கூடச் சொல்லி வைத்தேன். பதினோரு மணிக்கு நதியா என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"சார், நாலு பாஸு. ரெண்டு ஃபெயிலுங்க."

"நல்ல நாளும் அதுவுமா ஃபெயிலா கண்ணு? ஒரு வாரம் தாங்காதா?"

அவள் சிரித்தாள். ஃபெயில் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, என் கையில் கொடுத்தாள். இதோ அந்தக் காகிதம். இந்தக் கூடத்திலிருந்து வெளியே வந்த முதல் காகிதம். எனக்குக் கிடைத்த பட்டயங்களிலேயே இதைத்தான் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

கன்னையன் ஐயா அவர்களே, இந்தச் செய்தியை உங்களிடம் தனியாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் ஊர் கேட்கச் சொல்கிறேன். சென்ஸார் கழற்றியதால் காலையிலிருந்தே நிற்கும் ஹைட்ரோக்களில், அந்த இரண்டை மட்டும் ஓட்ட வேண்டாம் என்று பதினொன்றேகாலுக்குச் சொல்லிவிட்டேன். புதிய சென்ஸார் நாளை மாலைதான் வரும். நாளைக் காலை கிளம்ப வேண்டிய சரக்கு கிளம்பாது.

ஐயா தலையாட்டுகிறார். பாத்தீங்களா எல்லாரும்? ஆமான்னுதானுங்க ஆட்டறாரு.

இத்தனை நேரம் இருக்கை கொடுத்து, செவி கொடுத்து, கரண்ட் போகிற வரைக்கும் பொறுமை கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சின் ஈரத்தோடு நன்றி சொல்கிறேன். மகளைப் படிக்க வைத்த மரியபுஷ்பம் அம்மையாரையும் சகாயராஜ் அண்ணனையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன். நதியா, உன் கூடம் தழைக்கட்டும் கண்ணு. எல்லாரும் சாப்பிட்டுத்தானுங்க போகோணும், உங்களை வணங்கி விடைபெறுகிறேன்.